தெருவில் பேட்டி எடுக்கப் போகிறீர்களா? இரண்டாவது கேள்வியைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்

இதழியல் வகுப்பில் சேர்ந்த கையோடு மாணவர்களுக்குக் கிடைக்கும் வேலைகளில் ஒன்று, தெருவில் இறங்கிப் பொதுமக்களிடம் பேட்டி எடுத்து வருவது. போன் கையில் இருக்கிறது. புதுச்சேரி நேரு வீதியிலோ கடலூர் மஞ்சக்குப்பத்திலோ ஆட்களுக்குக் குறைவில்லை. எளிய வேலை என்றுதான் தோன்றும். திரும்பி வந்து பதிவைப் போட்டுக் கேட்டால் எல்லோரும் ஒன்றையே சொல்லியிருப்பார்கள்: “விலைவாசி ஏறிப்போச்சு”, “கவர்மென்ட்டு பார்த்து ஏதாவது செய்யணும்”, “ரொம்ப நல்லா இருக்கு”. பேசியவர்கள் மேல் குறையில்லை. கேட்ட கேள்விக்கு அதுதான் பதில்.

நேரம் கேட்டு வாங்கி, உட்கார்ந்து எடுக்கும் பேட்டிக்கும் இதற்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. தெருவில் நீங்கள் நிறுத்துகிறவர் எதற்கும் தயாராக வரவில்லை. காய்கறிப் பையோடு நிற்கிறார், பஸ் வருகிறதா என்று ஒரு கண் அங்கே இருக்கிறது. திடீரென்று மைக்கை நீட்டினால் ஊரே சொல்லும் பதில்தான் முதலில் வாயில் வரும். அவரே பார்த்தது, அவரே பட்டது எல்லாம் அதற்கு அடியில் கிடக்கும். அதை மேலே கொண்டு வருவது இரண்டாவது கேள்வி. மைக், காற்று, அனுமதி என்று பலதையும் கீழே சொல்லப் போகிறேன். ஆனால் புதிதாகக் கற்றுக்கொள்பவர்கள் இதில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதானால், அந்த இரண்டாவது கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள்.

எப்படி என்று பார்ப்போம். கடலூர் மீன்பிடித் துறைமுகம், மே மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் எல்லாம் கட்டிக் கிடக்கும். மீன் விற்கும் ஓர் அம்மாவிடம் போய், “தடைக்காலம் உங்களுக்குக் கஷ்டமா இருக்காம்மா?” என்று கேட்கிறீர்கள். “ஆமா தம்பி, கஷ்டம்தான். என்ன பண்றது?” அவ்வளவுதான், பேட்டி முடிந்தது. கேள்விக்குள் இருந்த வார்த்தையையே எடுத்து உங்களிடம் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

இதே அம்மாவிடம், “இன்னிக்குக் கூடையில இருக்கிற மீன் எங்கேருந்து வந்துச்சும்மா?” என்று கேட்டுப் பாருங்கள். “இது நம்ம ஊரு மீனு இல்ல தம்பி, கேரளாவுலேருந்து ஐஸ் பெட்டியில வருது. நாட்டுப்படகு மீனு கொஞ்சம் வந்துச்சு, அது காலையிலேயே போயிடுச்சு” என்கிற மாதிரி ஒரு பதில் வரும். இங்கே கஷ்டம் என்ற வார்த்தையே இல்லை, ஆனால் தடைக்காலம் அவர் கூடைக்குள் என்ன செய்திருக்கிறது என்று கேட்பவருக்குப் புரிந்துவிடுகிறது. இப்போதுதான் இரண்டாவது கேள்விக்கு நேரம். “பெட்டி மீன் வாங்கறதுக்கும் ஏலத்துல எடுக்கறதுக்கும் என்னம்மா வித்தியாசம்?” முன்பணம், ஐஸ், மிஞ்சினால் யார் தலையில் விழும், வாடிக்கையாளர் முகம் சுளிப்பது எல்லாம் இந்த வழியாகத்தான் வெளியே வரும்.

இதற்கு ஒரு சின்ன வீட்டுப்பாடம் வேண்டும். மேற்குக் கடற்கரையில் தடைக்காலம் ஜூன் 1-இல் தொடங்கி ஜூலை 31 வரை இருக்கிறது. அதாவது ஜூன் முதல் இரண்டு வாரம் இரண்டு கரையிலும் தடை. இது தெரிந்த மாணவர், “ஜூன்ல அங்கேயும் தடை வந்துடுமே, அப்போ மீனுக்கு எங்கேம்மா போவீங்க?” என்று கேட்பார். அந்த ஒரு கேள்வியிலேயே, எதிரில் நிற்பது விஷயம் தெரிந்த பிள்ளை என்று அந்த அம்மாவுக்குப் புரிந்துவிடும். பிறகு அவர் பேசும் விதமே மாறும். தெருப் பேட்டிக்கு முன்தயாரிப்பு தேவையில்லை என்று பலர் நினைக்கிறார்கள். என்னைக் கேட்டால், கிடைப்பதே மூன்று நிமிடம் என்பதால் இதற்குத்தான் அது அதிகம் தேவை.

கேள்வியை எழுதும்போது “உங்கள் கருத்து என்ன”, “எப்படி உணர்கிறீர்கள்” என்று வருவதையெல்லாம் அடித்துவிடுங்கள். அந்த இடத்தில் நேற்று, இன்று காலை, கடைசியாக, முதல்முறையாக என்பது போன்ற காலச் சொற்களைப் போட்டுப் பாருங்கள். “மருத்துவமனை வசதி எப்படி இருக்கு?” என்பதை “கடைசியா எப்போ போனீங்க, எவ்வளவு நேரம் காத்திருந்தீங்க?” என்று மாற்றலாம். ஆனால் இதில் இரண்டு கேள்வி இருக்கிறது, கவனித்தீர்களா? இரண்டையும் சேர்த்துக் கேட்டால் ஒன்றுக்குத்தான் பதில் வரும். எப்போ என்று கேட்டு நிறுத்துங்கள், மீதி தானே வரும். அப்புறம், அரசியல் சாயல் உள்ள கேள்விகளில் உங்கள் சாய்வு தெரியக் கூடாது. “ரோடு இவ்வளவு மோசமா இருக்கே, கோபம் வரலையா?” என்று கேட்டு வாங்கிய கோபம் அவருடையது இல்லை, உங்களுடையது.

கேட்ட பிறகு வாயை மூடிக்கொள்வதுதான் கடினமான பகுதி. அவர் ஒரு வாக்கியம் சொல்லி நிறுத்துவார். உடனே அடுத்த கேள்விக்குத் தாவாதீர்கள். முகத்தைப் பார்த்தபடி மூன்று நொடி சும்மா இருங்கள். பெரும்பாலும் “அதாவது என்னன்னா...” என்று அவரே தொடங்குவார். நீங்கள் பயன்படுத்தப் போகும் துண்டு அநேகமாக அந்த ‘அதாவது’வுக்குப் பிறகுதான் இருக்கும். அவர் வார்த்தை தேடித் திணறும்போது நீங்கள் எடுத்துக் கொடுக்கவும் கூடாது. கொடுத்தால் மரியாதைக்கு “ஆமா, அதான்” என்று சொல்லிவிடுவார், அவர் சொல்ல வந்தது போய்விடும். எந்தப் பேட்டிக்கும் பொருந்தும் துணைக் கேள்விகள் இரண்டு உண்டு: “அப்படின்னா?”, “ஒரு உதாரணம் சொல்லுங்களேன்.” இவற்றை எத்தனை முறை கேட்டாலும் யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை.

இன்னொன்றையும் இந்தப் பகுதி மாணவர்களுக்குச் சொல்ல வேண்டும். கடலூர் அடிக்கடி இடர்பாட்டைப் பார்க்கும் மாவட்டம். 2004 டிசம்பர் 26 சுனாமி, 2011 டிசம்பர் 30 தானே புயல், 2015 மழை வெள்ளம், 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல், அதைத் தொடர்ந்து சாத்தனூர் அணைத் தண்ணீரோடு தென்பெண்ணையில் வந்த வெள்ளம். ஒவ்வொரு முறையும் மைக்குகள் வந்திருக்கின்றன, போயிருக்கின்றன. தேவனாம்பட்டினத்திலோ ஆற்றங்கரைக் கிராமத்திலோ போய் நின்றால் உங்களுக்கு முன்னால் அவர்கள் கேள்வி கேட்பார்கள்: “போன தடவையும் இப்படித்தான் வந்து எடுத்துட்டுப் போனாங்க. என்ன ஆச்சு?”

இதற்கு மழுப்பாமல் பதில் சொல்லத் தெரிய வேண்டும். “இது வெளியே வந்தா உங்களுக்கு உதவி கிடைக்கும்மா” என்று சொல்வது பொய். அது உங்கள் கையில் இல்லை. “நான் காலேஜ்ல படிக்கிறேங்க. நிவாரணம் வாங்கித் தர்ற இடத்துல நான் இல்ல. நீங்க சொல்றத மாத்தாம போடுவேன், அது என்னால முடியும். இஷ்டம்னா பேசுங்க” என்று சொன்னால் சிலர் போய்விடுவார்கள். போகட்டும். நின்று பேசுபவர்கள் உங்களை நம்பிப் பேசுவார்கள். இழந்தவர்களிடம் மனநிலையைக் கேட்காமல் நடந்ததைக் கேளுங்கள்: “தண்ணி வர்றது எப்போ தெரிஞ்சது? முதல்ல எதைத் தூக்கி மேல வெச்சீங்க?” ரேஷன் கார்டா, பிள்ளையின் சான்றிதழா, ஆட்டுக்குட்டியா என்று அவர் சொல்லும் பதிலில் அந்த இரவு முழுதும் இருக்கும். அழ ஆரம்பித்தால் கேமராவை இறக்கிவிடுங்கள். அழுகையைக் கிட்டத்தில் கொண்டுபோய்ப் படம் பிடிப்பதை எந்த ஆசிரியர் கேட்டாலும் செய்யாதீர்கள்.

யாரை, எங்கே நிறுத்துவது

நடந்துகொண்டிருப்பவரை நிறுத்துவதைவிட, காத்திருப்பவரிடம் போவது நல்லது. திருப்பாதிரிப்புலியூர் பஸ் ஸ்டாண்ட், டீக்கடை பெஞ்ச், பள்ளி விடும் நேரத்தில் கேட்டுக்கு வெளியே நிற்கும் பெற்றோர், ஏலம் முடிந்து மூச்சு விடும் துறைமுகம். புதுச்சேரியில் பெரிய மார்க்கெட்டுக்குக் காலையில் போனால் வியாபாரம் மும்முரமாக இருக்கும், உங்களோடு பேசும் ஒவ்வொரு நிமிடமும் கடைக்காரருக்கு நஷ்டம். கூட்டம் வடிந்த பிறகு போங்கள். பேசிக்கொண்டிருக்கும்போது வாடிக்கையாளர் வந்தால் நீங்களாகவே விலகி நிற்க வேண்டும். அந்த மரியாதையை அவர் கவனிப்பார்.

முதல் வார்த்தை முக்கியம். போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே போகாதீர்கள். கையைக் கீழே வைத்துக்கொண்டு, “வணக்கம்ணா, இந்த காலேஜ்ல ஜர்னலிசம் படிக்கிறேன். பஸ் கட்டணத்தைப் பத்தி ரெண்டு நிமிஷம் பேசலாமா? ரெக்கார்டு பண்ணுவேன்” என்று நான்கு விஷயத்தையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுங்கள்: யார், எதற்கு, எவ்வளவு நேரம், பதிவு உண்டு. வேண்டாம் என்றால் சிரித்துவிட்டு நகர்ந்துவிட வேண்டியதுதான். வற்புறுத்தி வாங்கிய பேட்டி எதற்கும் உதவாது. மாணவிகள் தனியாகப் போக வேண்டாம், மாணவர்களும்தான். ஒருவர் பேச, ஒருவர் பதிவைப் பார்த்துக்கொண்டால் வேலையும் நன்றாக நடக்கும்.

எங்கே நிற்கிறீர்கள் என்பதைப் பொறுத்து யார் கிடைப்பார்கள் என்பதும் மாறும். சனிக்கிழமை மாலை புதுச்சேரி கடற்கரைச் சாலையில் நின்றால் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வந்தவர்களே அதிகம் அகப்படுவார்கள். அவர்களிடம் கேட்டுவிட்டு ‘புதுவை மக்கள் கருத்து’ என்று தலைப்புப் போட்டால் அது தவறான செய்தி. ஊர்க்காரர்கள் வேண்டுமானால் அதே சாலைக்கு விடிகாலையில் போங்கள், நடைப்பயிற்சிக்கு வந்திருப்பார்கள். அவர்களும் ஊரில் ஒரு பகுதிதான். முத்தியால்பேட்டை, வில்லியனூர், வீராம்பட்டினம் என்று வேறு இடங்களும் இருக்கின்றன.

இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், ஆள் எண்ணிக்கை கூடினால் மக்கள் கருத்து ஆகிவிடும் என்ற நம்பிக்கை வெகு காலமாக இருக்கிறது. 1936 அமெரிக்க அதிபர் தேர்தலுக்கு முன் ‘லிட்டரரி டைஜஸ்ட்’ என்ற வார இதழ் சுமார் ஒரு கோடிப் பேருக்கு அட்டை அனுப்பியது. 20 லட்சத்துக்கும் மேல் பதில் வந்தது. குடியரசுக் கட்சி வேட்பாளர் லாண்டன் ஜெயிப்பார் என்று அடித்துச் சொன்னார்கள். ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46-ஐ வென்றார். முகவரிகளைத் தொலைபேசிப் பட்டியல், கார் பதிவு போன்றவற்றிலிருந்து எடுத்திருந்தார்கள், அதாவது வசதி உள்ளவர்களாகப் பார்த்துக் கேட்டிருந்தார்கள். மெனக்கெட்டுப் பதில் போட்டவர்களும் ஒரு சாராராகவே இருந்தார்கள். அத்தனை லட்சம் பேரைக் கேட்டும் தப்பிப்போனது என்றால், பத்துப் பேரிடம் கேட்டுவிட்டு “பெரும்பாலானோர் கருதுகிறார்கள்” என்று எழுத உங்களுக்கு உரிமை இல்லை. பேசியவர்கள் இன்னார், சொன்னது இது என்று மட்டும் எழுதுங்கள்.

தேர்தல் நேரத்தில் கூடுதல் கவனம் வேண்டும். வாக்குச்சாவடியிலிருந்து வெளியே வருபவரிடம் யாருக்குப் போட்டீர்கள் என்று கேட்டு, அதை வைத்துக் கணிப்பு வெளியிடுவது, தேர்தல் ஆணையம் அறிவிக்கும் தடைக்காலத்தில் குற்றம். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 126ஏ பிரிவு அதற்கு இரண்டு ஆண்டு வரை சிறை என்கிறது. மாணவர் என்பதற்காகச் சட்டம் விலக்குத் தராது. வரிசை எவ்வளவு நீளம், நிழல் இருந்ததா, சக்கர நாற்காலி கிடைத்ததா என்று கேட்க நிறைய இருக்கிறது.

குரல் தெளிவாக விழ

படம் கொஞ்சம் மங்கலாக இருந்தால் பார்ப்பவர் பொறுத்துக்கொள்வார், குரல் கேட்கவில்லை என்றால் தள்ளிவிட்டுப் போய்விடுவார். விலை உயர்ந்த மைக் கட்டாயமில்லை. பேசுபவருக்கும் மைக்குக்கும் உள்ள தூரம்தான் பாதி வேலையைச் செய்கிறது. தூரத்தைப் பாதியாகக் குறைத்தால் குரல் சுமார் 6 டெசிபல் கூடும், சுற்றுப்புற இரைச்சல் அப்படியே இருக்கும். ஆகவே இரண்டடி தள்ளி நீட்டிய நல்ல மைக்கைவிட, வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் பிடித்த சாதாரண போன் மேல். காலர் மைக் என்றால் தாடைக்கு ஒரு சாண் கீழே, சேலை முந்தானையோ துப்பட்டாவோ உரசாத இடத்தில் மாட்டுங்கள். பெண்களிடம் மைக்கைக் கையில் கொடுத்து, எங்கே மாட்டுவது என்று சொன்னால் போதும். கையில் பிடிக்கும் மைக்கை மட்டும் விட்டுக் கொடுக்காதீர்கள். கொடுத்தால் பேட்டி அவர் கைக்குப் போய்விடும்.

மலிவான காலர் மைக் வாங்குபவர்கள் அதைச் செருகும் பின்னைக் கவனியுங்கள். கறுப்பு வளையம் மூன்று இருந்தால் போனுக்கானது, இரண்டு என்றால் கேமராவுக்கானது. இரண்டு வளைய மைக்கைச் செருகினால் போன் அதை மைக் என்றே எடுத்துக்கொள்ளாமல், தன் சொந்த மைக்கில் பதிவு செய்துகொண்டிருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் சரியாக நடப்பது போலவே தெரியும். அதனால் கிளம்பும் முன் மைக்கை நகத்தால் லேசாகத் தட்டிப் பதிவு செய்து, ஹெட்போனில் கேட்டுப் பாருங்கள். போனை ஃப்ளைட் மோடில் போடுங்கள், இல்லையென்றால் நல்ல இடத்தில் அழைப்பு வந்து அறுக்கும். ஒலி அளவு காட்டும் செயலி வைத்திருந்தால் உரத்த குரல் -12 டெசிபல் அருகில் நிற்கட்டும். 0-ஐத் தொட்டால் குரல் கிழியும், கிழிந்ததைப் பிறகு சரிசெய்ய முடியாது.

எங்கள் ஊர்களில் பெரிய எதிரி கடற்காற்று. மைக்கில் காற்று அடித்தால் தடதடவென்று ஒரு சத்தம் விழும், எந்த மென்பொருளாலும் அதை முழுதாக எடுக்க முடியாது. பஞ்சு உறை ஓரளவு தாங்கும், ரோமம் வைத்த உறை நன்றாகத் தாங்கும். அதைவிட நல்ல உறை பேசுபவரின் உடம்புதான். சாயங்காலம் காற்று கடலிலிருந்து வரும், வெயில் மேற்கே இருக்கும். பேசுபவரைக் கடலுக்கு முதுகு காட்டி நிற்க வையுங்கள். காற்று முதுகில் மோதும், நெஞ்சில் இருக்கும் மைக் தப்பிக்கும், வெளிச்சமும் முகத்தில் விழும். விடிகாலையில் இது அப்படியே தலைகீழ். சூரியன் கடல் பக்கம், காற்று பெரும்பாலும் நிலத்திலிருந்து. அப்போது கடலைப் பார்த்து நிற்க வைத்தால் முகமும் தெரியும், மைக்கும் காப்பாற்றப்படும். கடலூர் சில்வர் பீச்சானாலும் புதுவைக் கடற்கரையானாலும் இந்தக் கணக்கு பொருந்தும், புயல் சின்னம் இருக்கும் நாட்களில் மட்டும் காற்று தன் இஷ்டத்துக்கு அடிக்கும்.

டீக்கடையில் பாட்டு ஓடினால் பத்தடி தள்ளிப் போய்விடுங்கள். பின்னால் பாட்டு இருக்கும் பேட்டியை வெட்டினால் பாட்டும் வெட்டுப்பட்டுக் குதிக்கும், யூடியூபில் காப்புரிமைத் தொல்லையும் வரும். பேசி முடிந்ததும் அதே இடத்தில் ஒரு நிமிடம் யாரும் பேசாமல் சுற்றுப்புறச் சத்தத்தை மட்டும் பதிவு செய்யுங்கள். வெட்டிய இடங்களை ஒட்டும்போது அது கை கொடுக்கும். அவர் பேசும்போது நீங்கள் “ம்ம்... ஆமாம்மா” என்று சொல்லாமல் தலையை மட்டும் ஆட்டுவதும் இதற்காகத்தான். ஹாரன் சத்தத்தில் ஒரு வார்த்தை போய்விட்டால் உடனே “திரும்பச் சொல்லுங்க” என்று கேட்காதீர்கள். இரண்டாம் முறை சொல்லும்போது வேகம் குறைந்துவிடும். அவர் முடிக்கட்டும், பிறகு அதே விஷயத்துக்கு வேறொரு கேள்வி வழியாக வாருங்கள்.

அனுமதி

பதிவு ஓடத் தொடங்கியதும் பெயர், ஊர், தொழில் மூன்றையும் அவர் வாயாலேயே சொல்ல வையுங்கள். எங்கே வெளியாகும் என்பதையும் அப்போதே சொல்லிச் சம்மதம் கேட்டால் அதுவும் பதிவில் இருக்கும். ‘காலேஜ் புராஜெக்ட்’ என்று மட்டும் சொல்லிவிட்டுப் பிறகு இன்ஸ்டாகிராமில் போடுவது ஏமாற்றுவேலை. அது வாட்ஸ்அப்பில் சுற்றி அவர் முதலாளி கைக்கும் போகலாம். சிப்காட் தொழிற்பேட்டையில் ஒப்பந்த வேலை செய்பவர் கம்பெனியைப் பற்றி ஆத்திரமாகப் பேசுகிறார் என்றால், அவர் அந்த நேரத்தில் யோசிக்காததை நீங்கள் யோசித்தாக வேண்டும். “அண்ணா, இதுல உங்க முகம் வரும், பரவாயில்லையா? குரல் மட்டும் வெச்சுக்கவா?” என்று கேளுங்கள். நல்ல துண்டு கைநழுவிப் போகலாம், அவர் வேலை போவதைவிட அது மேல்.

பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால் பெற்றோர் சம்மதம் இல்லாமல் பேட்டி வேண்டாம். பள்ளிச் சீருடையே எந்தப் பள்ளி என்று காட்டிக் கொடுத்துவிடும். பாலியல் குற்றத்துக்கு ஆளான குழந்தையை அடையாளம் காட்டும் எதையும் ஊடகம் வெளியிடுவதை போக்சோ சட்டத்தின் 23-ஆவது பிரிவும், வழக்குகளில் சிக்கிய சிறார்களின் அடையாளத்தை வெளியிடுவதை இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆவது பிரிவும் தடுக்கின்றன. பெயரை மறைத்துவிட்டுத் தெருவையும் அப்பாவின் கடையையும் காட்டினாலும் அது அடையாளம் காட்டியதாகவே ஆகும்.

எடிட்டிங்கில் கை வைக்கும்போது

தடுமாற்றத்தையும் திரும்பச் சொன்னதையும் வெட்டலாம். “தடைக்காலம் வேணும்தான், மீனு குஞ்சு பொரிக்கணுமில்ல, ஆனா நிவாரணப் பணம் பத்தல” என்று சொன்னவரின் கடைசி நான்கு வார்த்தையை மட்டும் எடுத்து ஒட்டுவது வெட்டு இல்லை, திரிப்பு. ஒரு கேள்விக்குச் சொன்னதை இன்னொரு கேள்விக்குக் கீழே வைப்பதும் அதேதான். நல்ல சோதனை ஒன்று இருக்கிறது: பேசியவரை உங்கள் பக்கத்தில் உட்கார வைத்து இதைப் போட்டுக் காட்டினால் “நான் சொன்னது இதுதான்” என்பாரா என்று ஒவ்வொரு துண்டுக்கும் கேட்டுப் பாருங்கள்.

அவர் பேச்சுத் தமிழைத் திருத்தாதீர்கள். எழுத்தில் போடும்போதும் ‘வந்துச்சு’ என்பது ‘வந்தது’ ஆக வேண்டியதில்லை. கேட்பவர்கள் சிரிப்பதற்காக அதை எடுத்துக் காட்டவும் வேண்டாம். முழுப் பதிவை வெட்டாமல் வேறொரு இடத்தில் நகல் எடுத்து, தேதி, இடம், பெயரோடு வைத்துக்கொள்ளுங்கள். யாராவது “நான் அப்படிச் சொல்லவே இல்லை” என்றால் திறந்து பார்க்க அது வேண்டும்.

வெளியானதும் பேசியவர்களுக்கு லிங்க்கை அனுப்புங்கள். போனில்லாதவர் என்றால் அடுத்த முறை அந்தப் பக்கம் போகும்போது காட்டிவிட்டு வாருங்கள். பலர் இதைச் செய்வதில்லை, அதனால்தான் அந்தத் தெருவுக்கு அடுத்து வரும் மாணவருக்குக் கதவு மூடுகிறது. பெயரோ தொழிலோ தப்பாகப் போயிருந்தால் அவர்தான் முதலில் சொல்வார், அன்றே திருத்துங்கள். எடுத்துவிடச் சொன்னால் காரணத்தைக் கேளுங்கள். அவருக்கு ஆபத்து என்றால் எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் உங்கள் ஆசிரியரோடு கலந்து பேசி முடிவைச் சொல்லுங்கள். எதுவானாலும் அவர் அழைப்பை எடுங்கள்.